இருபது குப்பிகள் சொல்லாதது

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டியில் நிற்கும். சிப்காட் தொழிற்பேட்டை என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு இரும்பு உருட்டாலையும் வார்ப்பாலையும்தான் முதலில் நினைவுக்கு வரும். இதே வட்டத்தில், சிறுபுழல்பேட்டையை ஒட்டிய குருவராஜகண்டிகையில், கேப்ளின் ஸ்டெரைல்ஸ் நிறுவனத்தின் ஊசி மருந்து ஆலை இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்ற ஆலை அது. வலிக்குப் போடும் கீட்டோரோலாக் போன்ற ஊசி மருந்துகளை அமெரிக்கச் சந்தையில் விற்கவும் அந்நிறுவனம் அனுமதி பெற்றிருக்கிறது.

உலகின் எந்த மூலையில் இருந்தாலும் இத்தகைய ஆலை ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இந்தக் குப்பிகளில் கிருமி இல்லை என்று எப்படித் தெரியும்?

சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தோன்றும். மருந்து நூல்கள் அதற்கு ஒரு முறையையும் வகுத்திருக்கின்றன. ஒரு தொகுதியில் எத்தனை ஆயிரம் குப்பிகள் இருந்தாலும் பொதுவாக 20 குப்பிகளை எடுத்து, அவற்றிலுள்ள மருந்தை நுண்ணுயிர் வளரும் இரண்டு வகை ஊட்டக் கரைசல்களில் சேர்த்து, 14 நாள் வைத்திருப்பார்கள். கரைசல் கலங்கினால் கிருமி உண்டு. தெளிவாகவே இருந்தால் தொகுதி தேறியது.

இந்தச் சோதனைக்குப் பின்னால் உள்ள கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50,000 குப்பிகள் கொண்ட ஒரு தொகுதியில் நூற்றுக்கு ஒன்று கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 500 குப்பிகளில் கிருமி. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது நல்லதாக இருக்க வாய்ப்பு 0.99. எடுக்கும் இருபதுமே நல்லதாக அமைய வேண்டுமென்றால் 0.99-ஐ இருபது முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.82. ஆக, 500 நோயாளிகளின் ரத்தத்தில் கிருமியை ஏற்றக்கூடிய அந்தத் தொகுதி, நூற்றுக்கு 82 முறை சோதனையில் தேறிவிடும். ஆயிரத்துக்கு ஒன்று கெட்டிருந்தால் 98 முறை தேறும்.

சோதிக்கும் குப்பிகளைக் கூட்டினால் போதாதா? சோதித்த குப்பி மறுபடி பயன்படாது. எல்லாவற்றையும் சோதித்தால் நோயாளிக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. எனவே கடைசியில் செய்யும் சோதனையால் மட்டும் மருந்தின் தூய்மையை உறுதி செய்ய முடியாது. தண்ணீர், காற்று, வெப்பம், கண்ணாடி, மனிதர் என்று ஒவ்வொரு படியிலும் அதைச் சிறிது சிறிதாகக் கட்டிக்கொண்டே வர வேண்டும். அந்தக் கட்டுமானம் தெரிந்தவர்களை உருவாக்குவதுதான் பி.ஃபார்ம் படிப்பின் வேலை.

எட்டு செமஸ்டர், 208 கிரெடிட்

இந்திய மருந்தியல் கவுன்சில் 2014-இல் வகுத்த விதிகளின்படி பி.ஃபார்ம் பட்டத்துக்குக் குறைந்தது 208 கிரெடிட் வேண்டும். தமிழ்நாட்டு மாணவர்கள் பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதே திட்டத்தைத்தான் படிக்கிறார்கள். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்களுக்கு முதல் செமஸ்டரில் உயிரியல் தனியாக உண்டு. கணிதம் எடுக்காதவர்களுக்குக் கணிதம். இரண்டும் இல்லாமல் மருந்து செய்ய முடியாது என்பதைப் பாடத்திட்டம் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறது.

அடுத்து வருபவை கட்டாயப் பாடங்கள், மாணவர் பேச்சில் ‘கோர் பேப்பர்’கள்: உடலியல், கனிம வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், மருந்து நுண்ணுயிரியல், மருந்துப் பொறியியல், மருந்துச் சட்டம், தர உறுதி, இன்னும் பல. விருப்பப் பாடங்கள் எட்டாவது செமஸ்டரில் மட்டும்தான். இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு கிரெடிட். 208-இல் எட்டு. நூற்றுக்கு நான்குகூட இல்லை.

“மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கப் போகிறவனுக்குக் கரிம வேதியியல் மூன்று செமஸ்டர் எதற்கு? பொறியியல் எதற்கு?” என்று கேட்காத மாணவர் குறைவு. நியாயமான கேள்விதான். ஓர் ஊசி மருந்துக் குப்பி கடந்து வரும் பாதையைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

சாவதிலும் ஒரு கணக்கு

வெப்பம் தாங்கும் மருந்தைக் குப்பியில் அடைத்து மூடிய பிறகு ஆட்டோகிளேவில் வைத்து, அழுத்தமான நீராவியில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வேகவைப்பது வழக்கம். உலர்ந்த சூட்டில் இதே வேலையைச் செய்ய 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஆகும். ஏன் இவ்வளவு வேறுபாடு? இட்லிப் பானையைத் திறந்ததும் கையில் படும் ஆவி, அதே சூடுள்ள காற்றைவிடக் கடுமையாகச் சுடுவதற்கான காரணமேதான். ஆவி குளிர்ந்து நீராகும்போது தனக்குள் ஒளித்து வைத்திருக்கும் வெப்பத்தை மொத்தமாகக் கொட்டுகிறது. கூடவே, ஈரம் இருக்கும்போது கிருமியின் புரதம் எளிதில் உருக்குலைந்துவிடும். முதல் காரணத்தை மருந்துப் பொறியியலிலும் இரண்டாவதை உயிர்வேதியியலிலும் படிக்கிறோம்.

15 நிமிடம் போதும் என்று எப்படி முடிவு செய்தார்கள்? இதற்குச் சோதனைப் பொருளாக இருப்பது ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்து. நீராவிக்கு அசாத்தியமாகத் தாக்குப்பிடிக்கும் உயிர் இது. 121 டிகிரியில் சுமார் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை இவற்றில் பத்துக்கு ஒன்பது சாகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குப்பியில் பத்தாயிரம் வித்துகள் இருந்தால் முதல் படியில் ஆயிரம் மிஞ்சும், அடுத்ததில் நூறு, நான்காவது படியில் ஒன்று. ஐந்தாவது படியில் ‘பத்தில் ஒன்று’ என்று கணக்கு வரும். பத்தில் ஒரு பங்கு உயிர் என்று ஒன்று கிடையாது. பத்துக் குப்பிகளில் ஏதோ ஒன்றில் ஒரு வித்து பிழைத்திருக்கலாம் என்பதே அதன் பொருள். பத்தாவது படியில், அதாவது 15 நிமிடத்தில், இந்த வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறையும்.

இந்தக் கணக்கு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. அதனால்தான் ‘கிருமியே இல்லை’ என்று மருந்தியல் வாக்குக் கொடுப்பதில்லை. ‘கிருமி இருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகாது’ என்றுதான் கொடுக்கிறது. 20 குப்பிச் சோதனையால் இந்த வாக்கை ஒருநாளும் சரிபார்க்க முடியாது. வெப்பமும் நேரமும் ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தன என்பதற்கான பதிவுதான் இதற்குச் சாட்சி.

செத்த கிருமியின் காய்ச்சல்

கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது. ஒரு காலத்தில், காய்ச்சி வடித்த நீரில் செய்த ஊசி மருந்தும் சிலருக்குக் குளிர் காய்ச்சலைக் கொண்டுவந்தது. காரணத்தை 1923-இல் ஃபுளோரன்ஸ் சைபர்ட் என்ற அமெரிக்க அறிவியலாளர் கண்டுபிடித்தார்: நீரில் முன்பு வாழ்ந்த பாக்டீரியாக்கள் விட்டுச்சென்ற பொருள். சில வகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இருக்கும் இந்த அகநச்சு, பாக்டீரியா செத்த பிறகும் நிற்கும். ஆட்டோகிளேவின் 121 டிகிரி அதை ஒன்றும் செய்யாது. காலிக் குப்பிகளை 250 டிகிரி உலர்சூட்டில் அரை மணி நேரம் அளவுக்கு வைத்தால்தான் சிதையும்.

முன்பு மருந்தை முயலுக்கு ஊசியாகப் போட்டு, காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். குதிரைலாட நண்டின் ரத்தம் அகநச்சு பட்டதும் உறைவதை ஃபிரெடரிக் பேங், ஜாக் லெவின் இருவரும் 1960-களில் விளக்கிய பிறகு, அந்த ரத்த அணுக்களிலிருந்து எடுத்த சாறு முயலின் இடத்தைப் பிடித்தது. ஊசி மருந்துக்கான நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.25 அலகு அகநச்சுக்கு மேல் இருக்கக்கூடாது. பாக்டீரியாவின் சவ்வை நுண்ணுயிரியலில் படிக்கிறோம். அது ரத்தத்தில் கலந்தால் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையம் என்ன செய்யும் என்பதை உடலியலிலும் நோய்க்கூறு உடலியலிலும். மூன்றையும் ஒரே மனத்தில் இணைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான், ‘குப்பியை வேகவைத்தாயிற்றே, பிறகென்ன’ என்ற பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பது புரியும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் நீர் இன்னொரு வகையிலும் பாடம் சொல்கிறது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்து உப்பேறியதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். நிலத்திலிருந்து வரும் நீர் ஊசி மருந்துக்குத் தகுதி பெற உப்பு நீக்கம், சவ்வு வடிகட்டல், காய்ச்சி வடித்தல் எனப் பல கட்டங்களைக் கடக்க வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் அதன் மின்கடத்துத் திறனை அளப்பார்கள். முதல் செமஸ்டரில் சலிப்போடு படித்த கனிம வேதியியலும் மருந்துப் பகுப்பாய்வும் இங்கேதான் வேலைக்கு வருகின்றன.

வெப்பம் தாங்காத மருந்துகளை 0.22 மைக்ரான் துளை கொண்ட வடிகட்டியில் வடித்துத் தூய அறையில் அடைப்பார்கள். சாதாரண அறைக் காற்றில் ஒரு கன மீட்டரில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் கோடிக்கணக்கில் மிதக்கும். மருந்து அடைக்கும் இடத்தில் 3,520-க்கு மேல் இருக்கக்கூடாது. காற்றை வடிக்கும் ஹெப்பா வடிகட்டியை 0.3 மைக்ரான் அளவில் சோதிப்பது ஏன்? பெரிய துகள்கள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் இழையில் மோதிச் சிக்கும். மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டுத் தாறுமாறாகத் திரிந்து சிக்கும். இரண்டுக்கும் நடுவில், 0.3 மைக்ரானை ஒட்டிய துகளே தப்பிப்பதில் கெட்டி. கடினமான எதிரியை வைத்துச் சோதித்தால் மற்றவை தாமாக அடங்கும். அந்தத் தாறுமாறான ஓட்டத்துக்குப் பிரௌனியன் இயக்கம் என்று பெயர். இயற்பு மருந்தியலில் கூழ்மங்கள் பற்றிய பாடத்தில் எல்லாரும் படித்து மறப்பது அது.

ஓர் இனிப்பான நஞ்சு

கோர் பாடங்கள் கைவிடப்பட்டால் என்ன நடக்கும் என்பதை 2025 அக்டோபரில் தமிழ்நாடு பார்த்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமலுக்கு மருந்து குடித்த சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இறந்தவர்கள் 20-க்கும் மேல். அவர்கள் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ சிரப், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஓர் ஆலையில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துச் சோதித்த மாதிரியில் டைஎதிலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 விழுக்காடு. ஆலையில் 300-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் பதிவாயின, உரிமம் ரத்தாயிற்று.

அந்தச் சிரப்பில் இருந்த பாராசிட்டமால் நீரில் எளிதில் கரையாது. அதனால் சிரப்பில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற கரைப்பான்களைச் சேர்ப்பார்கள். டைஎதிலீன் கிளைக்காலும் இவற்றைப் போலவே நிறமற்றது, கொழகொழப்பானது, இனிப்பானது. பார்த்தோ நுகர்ந்தோ பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போனதும் கல்லீரல் நொதிகள் அதை ஆக்சிகரணம் செய்து டைகிளைக்காலிக் அமிலமாக்குகின்றன. இந்த அமிலம் சிறுநீரகக் குழல்களின் செல்களில் சேர்ந்து அவற்றைக் கொல்கிறது.

உலகம் இதை முதல்முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை இதே கரைப்பானில் கரைத்து விற்றதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அந்நாடு புதிய மருந்துச் சட்டம் இயற்றியது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் இது கலந்திருந்து 14 பேர் இறந்தார்கள். 2022-இல் காம்பியாவில் குழந்தைகள்.

இந்த ஒரு மூலக்கூறைப் புரிந்துகொள்ள எத்தனை பாடங்கள் தேவைப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மருந்து ஏன் கரைய மறுக்கிறது என்பது இயற்பு மருந்தியல். இரண்டு கிளைக்கால்களுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் பாலம் என்ன மாற்றம் செய்கிறது என்பது கரிம வேதியியல். நொதி என்ன செய்தது என்பது உயிர்வேதியியல். குழந்தையின் சிறுநீர் ஏன் நின்றது என்பது உடலியல். கரைப்பான் பீப்பாய் வந்து இறங்கியதும் மாதிரி எடுத்து வாயு நிறப்பிரிகை முறையில் பார்த்திருந்தால் நஞ்சு அன்றைக்கே சிக்கியிருக்கும். இது கருவிப் பகுப்பாய்வு. பார்க்காமல் உள்ளே எடுப்பது குற்றம் என்பது மருந்துச் சட்டம். இவற்றில் எதை ‘பாஸ் ஆனால் போதும்’ என்று ஒதுக்க முடியும்?

இரண்டே இரண்டு விருப்பங்கள்

இத்தனைக்கும் பிறகு எட்டாவது செமஸ்டரில் பட்டியல் நீட்டப்படுகிறது: மருந்துச் சந்தைப்படுத்தல், ஒழுங்குமுறை அறிவியல், மருந்துக் கண்காணிப்பு, மூலிகைகளின் தரக்கட்டுப்பாடு, கணினி வழி மருந்து வடிவமைப்பு, செல் மற்றும் மூலக்கூறு உயிரியல், அழகுசாதன அறிவியல், சோதனை மருந்தியல், மேம்பட்ட கருவி நுட்பங்கள், ஊட்டச் சேர்மங்கள், மருந்துப் பொருள் உருவாக்கம். எது எளிது, எதில் மதிப்பெண் விழும் என்று பார்த்து எடுப்பதே வழக்கமாக இருக்கிறது. நான்கு ஆண்டில் மாணவருக்குத் தன் கேள்வியைத் தானே தேர்ந்துகொள்ளக் கிடைக்கும் ஒரே இடம் இப்படிப் போய்விடக்கூடாது.

மருந்துக் கண்காணிப்பை எடுத்துக்கொள்வோம். புதிய மருந்தை 3,000 பேருக்குக் கொடுத்துச் சோதித்ததில் ஒருவருக்கும் கடுமையான பக்கவிளைவு வரவில்லை என்றால், அது பாதுகாப்பானதா? புள்ளியியலில் ஓர் எளிய விதி உண்டு: மூன்று என்ற எண்ணைச் சோதனைக்கு உட்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை ஆயிரத்தில் ஒன்று. அதாவது, உண்மையில் ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய விளைவுகூட இந்தச் சோதனையில் கண்ணில் படாமல் போயிருக்கலாம். இருபது குப்பிகளின் கணக்கேதான் இங்கும். அதனால் மருந்து கடைக்கு வந்த பிறகும் கண் விழித்திருக்க வேண்டும். இந்தியாவில் இதற்கான தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கியது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பக்கவிளைவை யாரும் தெரிவிக்கலாம்.

கண்காணிப்பின் வலிமையைச் சென்னையை அடுத்த ஓர் ஆலையின் கண் சொட்டு மருந்தில் பார்த்தோம். 2023-இல் அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 81 பேருக்கு அரிய வகை சூடோமோனாஸ் தொற்று ஏற்பட்டதையும், அவர்களில் பலர் அந்தச் சொட்டு மருந்தைப் பயன்படுத்தியதையும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் இணைத்துப் பார்த்தது. நான்கு பேர் இறந்தார்கள். 14 பேர் பார்வை இழந்தார்கள். எங்கெங்கோ சிதறிக் கிடந்த நோயாளிகளை ஒரே கோட்டில் சேர்த்தது கண்காணிப்புதான். பிறகு ஆலையை ஆய்வு செய்த அமெரிக்க மருந்து நிர்வாகம், கிருமியின்மையை உறுதி செய்யும் முறைகளில் குறைகளைப் பதிவு செய்தது.

மூலிகைத் தரக்கட்டுப்பாடு தமிழ்நாட்டுக்கென்றே செய்ததுபோல் அமைந்த விருப்பப் பாடம். நிலவேம்பில் வேலை செய்யும் முக்கியப் பொருள் ஆண்ட்ரோகிராஃபோலைடு. அதன் அளவு செடி வளர்ந்த மண், பறித்த பருவம், உலர்த்திய விதம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஒரு பொட்டலத்துக்கும் அடுத்த பொட்டலத்துக்கும் வேறுபாடு தெரியாமல் ‘இயற்கையானது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் சித்த மருத்துவத்துக்கு நாம் நீதி செய்ததாகாது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏற்றுமதி ஆலைக்குப் போக நினைப்பவருக்கு ஒழுங்குமுறை அறிவியலும் மேம்பட்ட கருவி நுட்பங்களும் கதவு திறக்கும். ஒவ்வொரு வெப்பமானியின் பதிவையும் ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் கேள்வி கேட்கும்போது பதில் சொல்லக் கற்றுத்தருவது அந்த இணைதான்.

தேர்வு என்னும் மாதிரி

மருந்துச் சட்ட விதிகள் ஒன்றைத் தெளிவாக உணர்ந்திருக்கின்றன. மருந்து உற்பத்திக்குப் பொறுப்பேற்கும் பார்மசி பட்டதாரிக்குப் பட்டத்துக்குப் பின் 18 மாத உற்பத்தி அனுபவம் வேண்டும் என்கிறது விதி. பட்டம் மட்டும் போதாது என்று சட்டமே சொல்கிறது. ஏன்?

75 மதிப்பெண் வினாத்தாளும் ஒரு மாதிரிச் சோதனைதான். ஐந்து அலகுகள் கொண்ட பாடத்திலிருந்து சில கேள்விகள். ‘முக்கிய வினாக்கள்’ என்று பத்துப் பதினைந்தை மனப்பாடம் செய்தவர் தேறிவிடுவார். நூற்றுக்கு ஒரு குப்பி கெட்ட தொகுதி 82 முறை தேறுவதுபோல, அறிவில் ஓட்டை உள்ள பட்டதாரியும் தேறிவிட முடியும். அரியர் இல்லாத மதிப்பெண் பட்டியல் அந்த ஓட்டைகளைக் காட்டாது. அவை வெளிப்படுவது ஆலையில், சோதிக்காத பீப்பாய்க்குக் கையெழுத்துப் போடும் நாளில்.

குப்பிக்கு உள்ள தீர்வுதான் பட்டதாரிக்கும். கடைசிச் சோதனையை நம்பாமல் ஒவ்வொரு படியையும் சரியாகச் செய்ய வேண்டும். ஆய்வகத்தில் முந்தைய ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்து எழுதாமல் ஆட்டோகிளேவை இயக்கிப் பார்க்க வேண்டும். ஆறாவது செமஸ்டருக்குப் பின் வரும் 150 மணி நேரத் தொழிற்பயிற்சி சான்றிதழ் வாங்கும் சடங்காகச் சுருங்கக்கூடாது. கும்மிடிப்பூண்டி, அம்பத்தூர், ஆலத்தூர் ஆலைகள் மாணவர்களுக்குத் தர ஆய்வகத்தைத் திறந்துவிட வேண்டும். ஆசிரியர் இல்லை என்று பதினொரு விருப்பப் பாடங்களை இரண்டாகச் சுருக்கும் கல்லூரிகள் பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்தாவது அவற்றை நடத்த வேண்டும். மாணவர்கள் கோர் பாடத்தைத் தேர்வுக்காக இல்லாமல் குப்பிக்காகப் படிக்க வேண்டும். விருப்பப் பாடத்தைத் தங்களை விடாமல் துரத்தும் கேள்விக்காக எடுக்க வேண்டும்.

ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளியால் எந்தச் சோதனையும் செய்து பார்க்க முடியாது. அவர் நம்புவது, எங்கோ ஓர் ஆலையில் ஒருவர் எட்டு செமஸ்டர் பாடத்தையும் மறக்காமல் வேலை செய்திருப்பார் என்பதைத்தான். அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவர்களை உருவாக்குவது ஒன்றே பார்மசிக் கல்வியின் நோக்கம். மதிப்பெண்ணும் வேலைவாய்ப்பும் அதற்குப் பிறகு வருபவை.